நாலாவது மூலை

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு கிடைத்த பிறகு நாலு பாத்தி கீரை போட்டு, டீவி பார்த்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கலாம். கொழும்பில் பிள்ளைகளுக்காகக் கலைக்களஞ்சியம் போடுகிற ஒரு கூட்டம், "டீச்சர், இங்கிலீஷில இருந்து தமிழுக்கு மாத்தித் தருவீங்களா?" என்று போனில் கேட்டதும் பல்லை இளித்துக்கொண்டு சரி என்றுவிட்டேன். தவளை வந்தது, எரிமலை வந்தது, தபால்தலை வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் அந்தக் கட்டுரை வந்தது, ஐரோப்பிய மொழிகளில் கோட்டை சூழ்ந்த ஊர்களுக்கு எப்படிப் பெயர் பிறந்தது என்று.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடந்த லயத்தை இடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்த சிறு வீடுகளில் ஒன்றில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மா வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். நான் தோட்டத்துப் பள்ளியில் படித்து அதே பள்ளியில் படிப்பித்தவள். முன்னறை ஜன்னலோரம் என் மேசை. அதில் உட்கார்ந்தால் தேயிலைக்கு நடுவே இறங்கிப் போகிற மண்ரோடு தெரியும். அது மெயின் ரோட்டில் சேர்வதற்கு முன்னால் ஓடையைக் கடக்கிற சின்னப் பாலமான மதகும் தெரியும். மதகுதான் தோட்டத்து எல்லை. இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் ரோடு, பஸ், மற்ற உலகம்.

கட்டுரையின் முதல் பத்தியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வாய்க்கு வாய் 'டவுனுக்குப் போறோம்' என்கிறோமே, அந்த டவுன் என்ற சொல்லுக்கு ஆதியில் பொருள் வேலி சூழ்ந்த இடமாம். முதலில் ஒரு வீட்டையும் மாட்டையும் சுற்றி நட்ட வேலி, பிறகு அந்த வேலிக்குள் இருந்த நிலம், பிறகு அந்த நிலத்தில் பெருகிய ஊர். ஜெர்மன்காரன் இன்றைக்கும் அந்தச் சொல்லை வெறும் வேலியாகத்தான் வைத்திருக்கிறான். டச்சுக்காரனிடம் அது தோட்டமாகிவிட்டது. அயர்லாந்துப் பக்கம் அதற்கு உறவான சொல் கோட்டையாக நிற்கிறது. அட, நம்ம பட்டி கதைதானே இது என்று நினைத்துக்கொண்டேன். மாட்டை அடைக்கிற பட்டிதானே, எங்கள் ஆட்கள் கப்பலேறுவதற்கு முன்னால் இருந்த ஊர்ப்பெயர்களில் எல்லாம் வாலாகத் தொங்குகிறது.

இதை நான் ரசித்துக்கொண்டிருந்த அந்திநேரத்தில், அம்மா இஞ்சி தட்டிப் பாலில்லாமல் போட்ட சாயத்தண்ணியை டம்ளரில் ஊற்றி, தட்டால் மூடி, சால்வையைப் போர்த்திக்கொண்டு மதகுக்குக் கிளம்பினாள். தினமும் அந்த நேரத்துக்குப் போவாள். மழையென்றாலும் பனியென்றாலும் போவாள். மதகின் உள்பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். இருட்டுக் கட்டுகிறபோது ஆறிப்போன தேத்தண்ணியை ஓடையில் ஊற்றிவிட்டுத் திரும்புவாள். செத்துப்போன என் தம்பிக்குத்தான் அந்தத் தேத்தண்ணி.

தம்பி கொழும்பில் ஒரு மொத்தக்கடையின் கிட்டங்கியில் வேலை செய்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. இருமினால் ரெண்டு தடவை அடுக்கி இருமி, மூன்றாவதை விழுங்கிவிடுவான். அந்த இருமலை வைத்தே ரோட்டில் வருகிறவன் அவன்தான் என்று சொல்லிவிடலாம். ஒரு ஆடி மாதம் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று செய்தி வந்தது. தோட்டத்தில் அப்போது மாரியம்மன் திருவிழா தொடங்குகிற நேரம். பிள்ளை பிழைக்க வேண்டும், தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டு, அம்மா மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டின கையோடு எல்லையும் கட்ட வேண்டும். பூசாரி தப்பு மேளத்தோடு தோட்டத்தைச் சுற்றி வந்து, நாலு மூலையிலும் குங்குமம் தடவிய எலுமிச்சங்காயை வெட்டி, வேப்பிலையோடு மண்ணில் புதைத்து, மேலே இரும்பு ஆணி அடிப்பார். நாலாவது மூலை மதகு. அதோடு தோட்டம் அடைபட்டுவிட்டது. தோட்டத்து ஆள் யாரும் வெளியே போய் இரா தங்கக் கூடாது. கெட்டது எதுவும் உள்ளே வரக் கூடாது. பிணம் வரவே கூடாது. திருவிழா முடிந்து மஞ்சத்தண்ணி விளையாடுகிற அன்று அதே பூசாரி, அதே கையால், ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி எல்லையை அவிழ்ப்பார். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் கட்டு அவிழாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

எல்லை கட்டிய மறுநாள் காலையில் தம்பி பெட்டியில் வந்தான்.

லிந்துலை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தவர், செய்தி கேட்டுத் தன் வேனிலேயே அவனை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்களுக்குச் சொந்தமா பந்தமா? கடையில் சாமான் வாங்குகிற பழக்கம்தான். மதகடியில் தோட்டத்துத் தலைவரும் கோயில் கமிட்டி ஆட்களும் வழியை மறித்து நின்றார்கள். முந்தின நாள் மழையில் ஓடை சீறிக்கொண்டிருந்தது.

"எல்லை கட்டியாச்சு நானா. பொணம் உள்ள வரப்படாது. டவுன் சவக்காலையிலேயே அடக்கம் பண்ணிருங்க" என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. கண்கலங்கித்தான் சொன்னார்.

அம்மா காப்புக் கையோடு ஓடி வந்தாள். காப்புக் கட்டினவள் மேல் தீட்டுப் படக் கூடாது, அதனால் பிணத்தைத் தொடக் கூடாது என்றார்கள். எல்லையைத் தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்றார்கள். அவள் மதகின் இந்தப் பக்கம் நின்றாள். நானா வேனின் பின்கதவைத் திறந்து, பெட்டி மூடியை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கையை நீட்டினால் தொடலாம். அவள் தொடவில்லை. பூசாரியும் அங்கேதான் நின்றார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

நான் காப்புக் கட்டாதவள். மதகைத் தாண்டி வேனில் ஏறினேன். ஏறும்போது என்னென்ன ஏசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை, தலைவருக்கு இருக்கிறது. டவுன் சவக்காலையில் அவனை வைத்தோம். சாவுக்குப் போனவள் திருவிழா முடியும் வரை உள்ளே வரக் கூடாது என்பதால் நானா வீட்டில் தங்கினேன். நானாவின் மனைவி எனக்காகப் புதுச் சட்டி வாங்கி, மரக்கறி மட்டும் ஆக்கிப் போட்டார். பொழுது சாய்ந்தால் தோட்டத்திலிருந்து தப்புச் சத்தம் வரும். உள்ளே இருந்து கேட்டபோதெல்லாம் துள்ளிக் குதித்த சத்தம்தான். வெளியே இருந்து கேட்டபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மஞ்சத்தண்ணி அன்று அம்மா விடிந்ததும் மதகில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். பூசாரி வந்து நாலாவது ஆணியைப் பிடுங்கியதும் சவக்காலைக்கு ஓடலாம் என்று. மற்ற மூன்று மூலையிலும் ஆணியைப் பிடுங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மதகுக்குப் பூசாரி வரவே இல்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாராம். அந்த மாதக் கடைசியிலேயே உடப்புசல்லாவையில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த வருஷம் புதுப் பூசாரி வந்து புது ஆணி அடித்தார், அவர் அடித்ததை அவரே பிடுங்கினார்.

"மேல போட்ட முடிச்ச அவுத்தா, அடியில போட்டது அவுந்துருமா?" என்பாள் அம்மா. "கட்டுனது கட்டுனபடியே கெடக்கு. எம்புள்ள அந்தப் பக்கமே நிக்கிறான். உள்ள வர முடியாம நிக்கிறான்." அவிழாத எல்லையைத் தாண்டக் கூடாது என்று அவளும் அன்றிலிருந்து மதகுக்கு அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

கேட்கிறவர்கள் முதலில் உச்சுக்கொட்டினார்கள். பிறகு அவர்களும் பார்க்கத் தொடங்கினார்கள். மதகுக்கு அந்தப்புறம், யூக்கலிப்டஸ் மரத்தடியில், நனைந்த சட்டையோடு ஒருத்தன் நிற்கிறான் என்று த்ரீவீல்காரன் ஒருவன் சொன்னான். கொழுந்து லொறி அந்த இடத்தில் ஹார்ன் அடிக்காமல் திரும்புவதில்லை. பனி இறங்கிய அந்தியில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். அம்மா மட்டும் போவாள்.

நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆறாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். ஒளி நேர்கோட்டில் செல்லும், பேய் எந்தக் கோட்டிலும் செல்லாது என்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவள். ஆனால் அம்மா மதகில் இருக்கிற அந்த நேரத்தில், நான் தனியே மேசையில் இருக்கும்போது, உள்ளறையில் ஒரு இருமல் கேட்கும். ரெண்டு தடவை அடுக்கி, மூன்றாவதை விழுங்கி. முதல் தடவை கேட்டபோது பேனாவை அப்படியே போட்டுவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். தம்பியின் கட்டில், மடித்து வைத்த கம்பளி, சுவரில் யாரும் மாற்றாத காலண்டர். தகரக்கூரை குளிரில் சுருங்குகிற சத்தம் என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பாள். அவளைப் பொறுத்தவரை அவன் வெளியே அல்லவா நிற்கிறான்.

அப்படித்தான் என் வேலை ஓடியது. வெளியே அம்மா, உள்ளறையில் அந்தச் சத்தம், நடுவில் நானும் ஐரோப்பாக் கோட்டைகளும். ரஷ்யன் நகரத்தை கோரத் என்கிறான். செர்பியன் கிராத் என்கிறான். செக்குக்காரனிடம் அது ஹ்ராத் ஆகிக் கோட்டையோடு நின்றுவிட்டது. அடைத்துக் கட்டிய இடம் என்ற ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இவை. அதே வயிற்றில் ஆங்கிலத்தில் பிறந்தது எது தெரியுமா? கார்டன். தோட்டம். பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வேலி போட்டு அடைத்ததில் அவர்களுக்கு நகரம் கிடைத்தது, எங்களுக்குத் தோட்டம் கிடைத்தது. ரோமானியப் படை கூடாரம் அடித்த இடத்துச் சொல் தேய்ந்து தேய்ந்து 'செஸ்டர்' என்று இன்றைக்கு இங்கிலாந்து நகரங்களின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடாரங்களை வரிசை வரிசையாக அடிப்பார்களாம். எங்கள் லயமும் வரிசைதான். அங்கே கூடாரம் நகரமாகிவிட்டது, இங்கே லயம் லயமாகவே கிடந்தது. இதைக் கட்டுரையில் சேர்த்தால் கொழும்பில் வெட்டிவிடுவார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரேக்கனின் போலிஸ் முதலில் குன்றின் மேலிருந்த கோட்டைதானாம். லித்துவேனியாவில் பிலிஸ் என்றால் இன்றும் கோட்டை. சமஸ்கிருதத்துப் புர் இவர்களுக்குச் சொந்தம். அதன் வழியில் வந்த 'புரம்' நம் ஊர்ப்பெயர்களிலும், 'புர' சிங்கள ஊர்ப்பெயர்களிலும் குடியிருக்கிறது. ஹங்கேரிக்காரன் கோட்டையை வார் என்பான், கோட்டை உள்ளதை வாரோஷ் என்பான், அதுதான் அவனுக்கு நகரம். பர்க் என்று முடிகிற ஊர்களைப் பற்றி மட்டும் பண்டிதர்கள் இன்னும் சிண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உயரமான இடம், மலை என்ற சொல்லுக்கு உறவு என்று ஒரு கட்சி, உறவே கிடையாது என்று இன்னொரு கட்சி. சொற்பிறப்பு பார்க்கிறவர்களே வேலிக்கு ஓணானைச் சாட்சி கூப்பிடுகிற ஆட்கள்தான். இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் சாட்சி, அந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் சாட்சி. நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ.

கட்டுரையின் கடைசியில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. கதவுக்கு வெளியே என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல் ஒன்று உண்டாம். ஆங்கிலத்தில் அந்நியனைக் குறிக்கும் சொல் அதிலிருந்து வந்தது. காட்டைக் குறிக்கும் சொல்லும் அதிலிருந்துதான் வந்தது என்று பலர் நினைக்கிறார்களாம். உள்ளே இருந்தவனுக்கு வைத்த பெயர்களைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்து முடித்திருந்தேன். வெளியே நின்றவனுக்கு நாலே வரி. ஜன்னல் வழியே பார்த்தேன். பனிக்குள் அம்மாவின் சால்வை மட்டும் தெரிந்தது. உள்ளறையில் இருமல் கேட்டது. அந்த நாலு வரியை அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

ஐப்பசி மழையில் அம்மா படுத்துவிட்டாள். இருதயம் பலவீனம், மேடு பள்ளம் ஏறி இறங்கக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு டம்ளரைத் தேடினாள்.

"எங்க கெளம்புற? போற வழியில விழுந்து செத்துத் தொலைக்கவா?" என்று கத்தினேன்.

"செத்தா என்னை எங்கடி பொதைப்ப?"

"இது என்ன கேள்வி? அப்பா பக்கத்துல."

"அதான்" என்றாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "எல்லைக்குள்ள நான். எல்லைக்கு வெளியில அவன். நான் உசுரோட இருக்கயிலதான் அவனத் தொட விடல. செத்தும் எம்புள்ளகிட்ட போக முடியாதாடி? அந்தப் பூசாரி இன்னும் சாகலல்ல? கூட்டிட்டு வா. அவன் கட்டுன கையால அவுக்கச் சொல்லு. எம்புள்ள உள்ள வந்துட்டான்னு தெரிஞ்சா போதும், நான் கண்ண மூடிர்றேன்."

எனக்கு இது எதிலும் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இருந்ததே, அது போதாதா? பக்கத்து வீட்டுக்காரியைக் காவலுக்கு வைத்துவிட்டு மறுநாள் நானாவின் கடைக்குப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

"அன்டைக்கு அந்தப் பொட்டி மூடியப் புடிச்சிட்டு நின்ட கை டீச்சர் இது" என்றார். "வாங்க போவோம்."

நுவரெலியாவைத் தாண்டி வளைந்து வளைந்து உடப்புசல்லாவைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பூசாரி, லயத்தின் கடைசிக் காம்பராவில், மகள் வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பாதியாக வற்றிப் போயிருந்தார். வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

அம்மா படுத்துக் கிடப்பதைச் சொன்னேன். மஞ்சத்தண்ணி அன்று அவர் மதகுக்கு வராததைச் சொன்னேன். "எப்படியாவது வந்து அவுத்துவிட்டுருங்க பூசாரி அய்யா. வேன் இருக்கு, போறதும் வர்றதும் எங்க பொறுப்பு. கை முடியாட்டி என்ன, தொட்டாப் போதும்."

அவர் மகளைத் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சரம்மா" என்றார். "கட்டுனாத்தானே அவுக்கிறதுக்கு."

எனக்கு விளங்கவில்லை. நானாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "யா அல்லாஹ்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மூலை கட்டிட்டேன். மதகுக்கு வரயில அப்பிடி ஒரு மழை. தப்படிக்கிறவனுங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஒதுங்கிட்டானுங்க. நான் ஒத்தையில போனேன். வழுக்கி விழுந்தேன். கையில இருந்த எலுமிச்சங்கா தண்ணியில போயிருச்சு. வேற கொண்டு போகல. காயி இல்லாம ஆணி அடிச்சு என்னத்துக்கு? விடியக்காலம் வந்து கட்டிக்கிருவோம்னு திரும்பிட்டேன். நாலும் கட்டியாச்சான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்." இடது கையால் வலது கையைத் தடவிக்கொண்டார். "விடிஞ்சு எந்திரிச்சுப் போறேன், அங்க வேன் வந்து நிக்கிது."

"நீங்க அங்கதானே நின்னீங்க!"

"நின்னேன்."

"எங்கம்மா அங்க நின்னு தவிச்சதப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க! கட்டலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"பயந்துட்டேன் தாயி. எல்லைய கட்டாம பொய் சொன்னான்னு தெரிஞ்சா என்னைய உசுரோட விட்டுருப்பாங்களா? அதுக்கப்புறம் அந்தத் தோட்டத்துல ஒரு புள்ளைக்குக் காச்ச வந்தாலும் என்னையத்தானே கேப்பாங்க."

அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தால் எங்கே அடிப்பது? பாதி ஏற்கெனவே செத்துவிட்டது. நான் எழுந்து வெளியே போய்த் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் ஆள் நின்று காவல் காத்த சுவர், அந்த இடத்தில் இல்லவே இல்லை. இல்லாத சுவருக்கு முன்னால் ஒரு தாய் கையை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் சத்தம் போட்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

நாங்கள் கிளம்பும்போது பூசாரி கெஞ்சினார். "வேணும்னா வர்றேன் டீச்சரம்மா. வந்து ஆணியப் புடுங்குற மாதிரி செஞ்சிட்டுப் போறேன். ஒங்கம்மா மனசாவது ஆறுமில்ல."

ஒரு கணம் அதுவும் சரியென்றே தோன்றியது. செய்தால் அம்மா நம்புவாள், நம்பி நிம்மதியாகப் போவாள். ஆனால் இந்த ஆள் மறுபடியும் அந்த மதகில் நின்று நடிப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சுரம் இல்லை. வேண்டாம் என்றுவிட்டு வேனில் ஏறினேன். மகள் கொண்டுவந்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

திரும்புகிற வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன். பூசாரியால் வர முடியவில்லை, அங்கிருந்தே மந்திரம் சொல்லி அவிழ்த்துவிட்டார், தீர்ந்தது. நானாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்னமோ டீச்சர். ஒரு பொய்யால தானே அன்டைக்கு வேன நிப்பாட்டினாங்க" என்றார்.

மதகை நெருங்கும்போது அந்தி. பனி ஓடையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கட்டையில் உட்கார்ந்திருந்தாள். காவலுக்கு வைத்த பெண்ணை அதட்டி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டாள். வேனைக் கண்டதும் அந்தப் பெண் என் வாய்க்குப் பயந்து வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். நான் வேனிலிருந்து இறங்கினேன். அன்றைக்குப் போலவே நான் வெளிப்பக்கம், அவள் உள்பக்கம். பக்கத்தில் டம்ளர்.

"எங்க பூசாரி?" என்றாள்.

வாயைத் திறந்தேன். தயார் செய்து வைத்த பொய் ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மழை, வழுக்கியது, எலுமிச்சங்காய், பயம், எல்லாம். பூசாரியின் குலம் நாசமாகப் போக என்று மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அப்ப இந்தப் பக்கம் கட்டவே இல்லையா?"

"இல்லம்மா."

"தொறந்தேதான் கெடந்துச்சா?"

"ஆமாம்மா."

வெகுநேரம் யூக்கலிப்டஸ் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு மெல்லத் திரும்பி, தேயிலைக்கு மேலே தெரிந்த எங்கள் வீட்டைப் பார்த்தாள். நான் விளக்குப் போடாமல் போயிருந்தேன். ஜன்னல் கறுப்பாக இருந்தது.

"அப்ப அவன் அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பானேடி" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் எதை மறைக்க முடியும்?

"இருமுனானா?"

"இருமுனாம்மா."

"எப்ப?"

"நீ இங்க வந்துர்ற நேரத்துலதான்."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கைத்தாங்கலாகப் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெலகு" என்றாள். "எத்தன காலமா எம்புள்ள என்னையக் காணாம உள்ள ஒக்காந்திருக்கான்."